மேட்டில் நின்ற தோட்டத்து ரயில்

இன்று காலை மனைவியோடு சிம்பாங் ரெங்கம் பக்கம் போனேன். முன்பு பாமாயில் ஆலைக்குச் செம்பனைப் பழம் ஏற்றிய தோட்டத்து ரயிலில் இப்போது சுற்றுலாப் பயணிகளை ஏற்றுகிறார்கள்.

மழை பெய்திருந்தது. மேட்டில் சக்கரம் வழுக்கி ரயில் நின்றுவிட்டது.

"தண்டவாளத்துல மணல் போடுங்கம்மா," என்றேன் வழிகாட்டிப் பெண்ணிடம்.

"உக்காருங்க லா அங்கிள். மெக்கானிக் வர்றாரு."

"பதினோரு வருஷம் இதே மேட்டுல மணல் போட்டவன் நான்."

"அதெல்லாம் அந்தக் காலம் அங்கிள். இப்ப சேஃப்டி பார்க்கணும்."

அரை மணி நேரம் பொறுத்தேன். பிறகு இறங்கி, தீயணைக்க வைத்திருந்த வாளி மணலை இரண்டு தண்டவாளத்திலும் தூவி, ஓட்டுநருக்குக் கை காட்டினேன். அவர் மறுபேச்சு இல்லாமல் கிளப்பினார். ரயில் ஏறியது. ஏறத் தொடங்கிய ரயிலை மேட்டில் நிறுத்த முடியாது. என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. மனைவி ஜன்னல் வழியே டாட்டா காட்டினாள்.

நடந்தே உச்சிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

"அலமாக்! இதுக்குத்தான் இறங்காதீங்கன்னு சொன்னேன்," என்றாள் அந்தப் பெண்.

"அப்பவும் மணல் போட்டவன் நடந்துதாம்மா வருவான்," என்றேன்.

நான் செய்தது தப்பு என்பவர்கள் தாராளமாகக் கீழே எழுதலாம். ஈரத் தண்டவாளத்தில் ஒரு நாளாவது வேலை செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.