அப்பா சுட்ட மீன்

எதைக் கொடுத்தாலும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்ட நாட்கள் அவை. ஒரு காலையில் அவளே கேட்டாள். விறகில் சுட்ட மீன் என்றால் ஒரு வாய் இறங்குமாம். டாக்டர் எங்களிடம் கையை விரித்திருந்தார். அந்த ஒரு வாயைத்தான் அப்பா பிடித்துக்கொண்டார்.

அவர் பஸ் டிரைவர். அடுப்பு பற்றவைத்துப் பழக்கமே இல்லை. பின்வாசலில் பழைய எண்ணெய் டின் ஒன்றை வைத்து, மணம் நன்றாக ஏறட்டும் என்று ஈர விறகைத் திணித்து மூடியும் போட்டார். மீன் முழுக்கக் கரி அப்பியிருந்தது.

“உங்க பஸ்ஸுக்குப் பின்னாடி வாயைத் திறந்துக்கிட்டு நின்ன மாதிரி இருக்குங்க” என்றாள் அம்மா. நான் சிரித்துவிட்டேன். அப்பா சிரிக்கவில்லை.

ஆனால் அந்தக் கேலியில் அவருக்கு ஏதோ பிடிபட்டது. காற்று பத்தாத இன்ஜின்தான் இப்படிக் கக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே டின்னைச் சுற்றி ஓட்டை போட்டார். காய்ந்த விறகாகப் பொறுக்கிச் சிறிது சிறிதாகப் பிளந்தார். வெள்ளைப் புகை அடங்கி, தணலுக்கு மேலே இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு நீலமாக மெலியும்வரை மீனைக் கிட்டே கொண்டுபோகவில்லை. கண் சிவக்கச் சிவக்க அங்கேயே குந்தியிருந்தார்.

அம்மா ஒரு துணுக்கை நாக்கில் வைத்து, கசக்கிறது என்று ஒதுக்கினாள். மறுநாளும் அப்படித்தான். விறகின் பட்டையை உரித்துவிட்டு எரித்தார், மீனை வைத்துச் சுடும் கம்பி வலையைக் கழுவிக் கழுவித் தேய்த்தார். அன்றும் கசந்தது.

அவள் ஒதுக்கியதை அன்று நான் தின்று பார்த்தேன். துளி கசப்பில்லை. முள்வரைக்கும் இதமான புகைமணம். அம்மாவைப் பார்த்தேன்.

“தண்ணியே கசக்குதுடி” என்றாள் மெதுவாக. “அவர்கிட்டச் சொல்லாத.”

கை கழுவப் போயிருந்த அப்பா திரும்பி வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். புருவமெல்லாம் சாம்பல். அவருக்கும் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

“உண்மையைச் சொல்லு. புகை கசக்குதா, இல்ல உன் வாயே அப்படி இருக்குதா?”

அம்மா கை நீட்டி அவர் புருவத்துச் சாம்பலைத் துடைத்துவிட்டாள்.

“புகைதாங்க. நேத்தைக்கு இன்னைக்குப் பரவாயில்ல. விறகு இன்னும் கொஞ்சம் காயணும்.”

அப்பா மளமளவென்று எழுந்து போனார். மொட்டைமாடியில் வெயில் விழும் பக்கமாக விறகை ஒவ்வொன்றாகப் பரப்பும் சத்தம் எங்களுக்குக் கேட்டது.