ஊதாப் பூ வந்த குளம்

நான் பெருக்கித் துடைக்கிற ஃப்ளாட்டில், லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு பீங்கான் தொட்டி வந்திருக்கிறது. வைத்தது மூன்றாம் மாடி வீட்டுக்காரப் பெண். ஆரியசாலைப் பலசரக்குக் கடைக் குடும்பம். என்னோடு தமிழில்தான் பேசும். தொட்டியில் தண்ணீர். தண்ணீரில் குண்டுக் காம்போடு பச்சை இலைகள். நடுவில் ஒரு கொத்து ஊதாப் பூ.

"எப்படி இருக்கு அக்கா? நர்சரியில வாங்கினதாக்கும். வெள்ளம் வத்தாம பாத்துக்கிடணும், கேட்டீங்களா?"

"நல்லா இருக்கு" என்றேன். வேறு என்ன சொல்ல. துடைப்பத்தைச் சாத்திவிட்டுக் குனிந்தேன். வாடை வந்தது. வேரில் சேறு பிடித்து ஊறின வாடை. உங்களுக்கு அது தெரிந்திருக்காது. தெரியாமல் இருப்பதே நல்லது.

இங்கே மலையாளத்தில் அதைக் குளவாழை என்பார்கள். எங்கள் நாகர்கோவில் பக்கம் ஆகாயத்தாமரை. வெளிநாட்டுச் செடி என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். எந்த நாடு என்று கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டு என்ன, திருப்பி அனுப்பவா முடியும்.

கல்யாணம் ஆன புதிதில் நானும் என் வீட்டுக்காரரும் நேமத்துக்குப் பக்கத்தில் ஒரு தாமரைக் குளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தோம். விடியும் முன்னே அவர் லாரி டியூபில் உட்கார்ந்து, கையால் துழாவித் துழாவிக் குளத்துக்குள் போவார். மொட்டு ஒடிப்பார். தாமரைத் தண்டில் முள் உண்டு. சாமி காலடியில் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. அவர் முழங்கையும் காலும் எப்போதும் கீறல்தான். நான் கரையில் இருந்து மொட்டை இலையில் பொதிந்து கட்டுவேன். முதல் பஸ்ஸில் கிழக்கேகோட்டைக்குக் கொண்டுபோய்ப் பூக்கடை அண்ணாச்சியிடம் கொடுப்பேன். வெறும் இலைக் கட்டு சாலைச் சந்தைக் கடைகளுக்கு, பூவைப் பொதிந்து கொடுக்க. நான் ஏறினால் பஸ்ஸே மணக்கும். "தாமர சேச்சி வந்நு" என்பார் கண்டக்டர். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம். உட்கார இடம் மட்டும் கிடைக்காது.

விற்காமல் திரும்பின மொட்டை எறிய மாட்டோம். குளத்தின் ஓரத்தில் ஒரு கம்பு நட்டிருக்கும். கட்டோடு தண்ணீரில் போட்டு அந்தக் கம்பில் கட்டிவிடுவோம். மறுநாள் வரைக்கும் வாடாமல் கிடக்கும். பூக்காரர்கள் செய்கிறதுதான். அந்தப் பழக்கம்தான் எங்களைக் கெடுத்தது.

ஒருநாள் அவர் ஆக்குளம் பக்கம் சொந்தக்காரர் ஒருவரைப் பார்க்கப் போனார். வரும்போது தோளில் ஒரு சாக்கு. உள்ளே அந்த ஊதாப் பூச்செடி. சட்டை முழுக்க நனைந்து ஒழுகுகிறது.

"ஏட்டி, இங்க வா. காயலு முழுக்கப் பூவாக்கும். கேக்கதுக்கு ஆளில்ல."

"இத யாரு வாங்குவா?"

"மொதல்ல நீ தலையில வச்சுப் பாரு."

வைத்தேன். நன்றாகத்தான் இருந்திருக்கும். வீட்டில் கண்ணாடி இல்லை. மறுநாள் காலை இன்னும் கொஞ்சம் வைத்துக்கொண்டு, சாக்கோடு இரண்டு பேரும் போனோம். பஸ் கிழக்கேகோட்டை சேருவதற்குள் பூ நனைந்த காகிதம் மாதிரி என் தலையில் ஒட்டிக்கொண்டது. அண்ணாச்சி என் தலையைப் பார்த்தார். சாக்கைப் பார்த்தார்.

"வேய், இதக் கட்டினா சாமி கழுத்துல ஏறுக முன்ன அவிஞ்சு போவுமே. காய்கறிக் கடையில குடும். கீரைன்னு சொல்லி வித்துப்போடுவான்."

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, செடியை வேரோடு கொண்டுபோய், மொட்டுக் கட்டு போடுகிற இடத்தில் போட்டார். கம்பில் கட்டினார்.

"கெடக்கட்டும். வேற கடையில கேக்கலாம்."

கேட்கவில்லை. மறந்துபோனோம்.

வைகாசி நடுவில் இடவப்பாதி மழை பிடித்தது. கயிறு இற்றுவிட்டது. மழை விட்டு வெறித்தபோது குளத்தில் ஒரு பாய் அளவுக்குப் பச்சை. ஓணம் வருவதற்குள் தண்ணீரே தெரியவில்லை. டியூப் நகரவில்லை. தாமரை இலை மேலே வர இடமில்லாமல் அடியிலேயே அழுகியது. தப்பி வந்த மொட்டும் கோணிக்கொண்டு வந்தது.

குளத்துக்காரர் வயசான நாயர். நல்ல மனுஷன்தான். கரையில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்.

"மண்டலத்துக்கு முன்ன வெள்ளம் தெரியணும்டே. இல்லேங்கில் குளம் வேற ஆளுக்குக் கொடுக்கும். எனிக்கு வேற வழியில்ல."

கார்த்திகையில் மண்டலம் தொடங்கினால் கோயில்களில் பூவுக்கு அலைவார்கள். எங்களுக்கு வருஷமே அதுதான்.

என் வீட்டுக்காரர் குளத்தில் இறங்கினார். தினமும் நெஞ்சளவு தண்ணீர். வாரி வாரிக் கரையில் போட்டார். நான் இழுத்துக் குவித்தேன். குவியல் மழையில் பச்சை பிடித்து, பூக்கக்கூடச் செய்தது. பிறகு சரிந்து மறுபடியும் குளத்துக்குள் போனது. அப்புறம்தான் பிடிபட்டது. குவிக்கக் கூடாது. ஒவ்வொன்றாகப் பிரித்து, வேர் மேலே பார்க்க மறித்துப் போட வேண்டும். வேர் காய்ந்தால்தான் சாகும். நான் அலுத்துப்போய் அப்படியே வீசினால் தண்ணீருக்குள் இருந்து சத்தம் வரும்.

"மறிச்சுப் போடுட்டி. அது ஒன்ன விட வெளைஞ்சது."

பாதிக் குளம் தெளிந்தது. அன்றைக்கு அவர் கரையில் உட்கார்ந்து பீடி குடித்தார். தண்ணீரில் வானம் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பீடி அணைந்தது கூடத் தெரியவில்லை.

கால் கீறல் ஆறவில்லை. காய்ச்சல் வந்தது. "மேலு வலியாக்கும்" என்று சொல்லிக்கொண்டு மறுபடியும் இறங்கினார். கண் மஞ்சளித்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தார். எலிப்பனி என்றார்கள், எலிக் காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் புண் வழியாக ஏறுமாம். அந்தப் பச்சைக்குள் எலி குடியிருந்திருக்கிறது. எங்களுக்கு எங்கே தெரியும்.

"மழை பெய்யுதா?" என்று கேட்டார்.

"இல்ல."

"மறிச்சுப் போட்டியா?"

"போட்டாச்சு. நீங்க கண்ண மூடுங்க."

மழை சன்னலில் அடித்துக்கொண்டிருந்தது.

மண்டலம் தொடங்கும் முன்னே போய்விட்டார். காரியங்கள் எல்லாம் முடிந்து குளத்தைப் போய்ப் பார்த்தேன். அவர் தெளிய வைத்த பாதியும் மூடியிருந்தது. முழுக்க ஊதாப் பூ.

குளத்தில் இப்போது மண் அடித்துவிட்டார்கள். கல்யாண மண்டபத்துக்கு வருகிறவர்கள் அங்கே கார் நிறுத்துகிறார்கள். கிழக்கேகோட்டைக்குத் தாமரை வேனில் வருகிறது. சாலைச் சந்தையில் இலை கேட்க ஆளில்லை. பூவைக் கவரில் போட்டுக் கொடுக்கிறார்கள். அதே வழியில்தான் வேலைக்கு பஸ் ஏறுகிறேன். இப்போது உட்கார இடம் கிடைக்கிறது.

போன வாரம் அந்த மூன்றாம் மாடிப் பெண் தொட்டியைக் காட்டியது.

"அக்கா, குட்டி போட்டு நெறஞ்சுட்டு. கூடுதல் உள்ளத எடுத்து ஓடையில விட்டிருங்க."

"சரி" என்றேன். ஓடையில் விடவில்லை. வாளியில் போட்டு மொட்டை மாடிக்குக் கொண்டுபோனேன். பிரித்து, வேர் மேலே பார்க்க மறித்துப் போட்டேன். இனி அது குட்டி போடும்போதெல்லாம் இந்த வேலை உண்டு. ஓடை எங்கே போய்ச் சேருகிறது என்று எனக்குத் தெரியாது. பார்த்துக்கொள்ள எனக்குக் குளமும் இல்லை. மேகம் கறுத்தால் மட்டும் இன்னொரு தடவை மாடி ஏறிப் பார்த்துவிட்டு வருகிறேன்.