குஞ்சம்மாளின் இருபத்தைந்து பூ, ஜெயகிருஷ்ணனின் டேப்

பதினெட்டு. பதினெட்டுக் கண்ணிக்கு ஒரு பூ. இதை மனதில் வையுங்கள். எங்கள் தமிழ்ச் சங்கச் செயலாளர் ஜெயகிருஷ்ணன் வைக்கவில்லை.

குஞ்சம்மாள் நாகர்கோவில்காரி. அரசாங்க டிரைவரைக் கட்டிக்கொண்டு வந்து இருபத்திரண்டு வருஷமாக டெல்லி ஜனக்புரியில் குரோஷா லேஸ் பின்னுகிறாள். ஆண்டு விழா மேடை மேஜையின் சதுர விரிப்புக்கு நாலு பக்கம் லேஸ், குஞ்சம்மாள், வள்ளி, காமாக்ஷி, பிரியதர்ஷினி என்று நாலு பெண்கள், ஆளுக்கு ஒரு பக்கம். முதலில் குஞ்சம்மாள் மற்ற மூன்று பேரிடமும் ஒரு பூ பின்னி வாங்கி அளந்தாள். இறுக்கிப் பின்னும் வள்ளிக்குப் பெரிய ஊசி, தளர்த்திப் பின்னும் காமாக்ஷிக்குச் சின்ன ஊசி. பக்கத்துக்கு இருபத்தைந்து பூ, மூலையில் முழுப்பூ.

ஜெயகிருஷ்ணன் ஊசிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். எல்லோருக்கும் ஒரே ஊசி, ஒன்றரை மீட்டர் வந்ததும் நிறுத்து என்றார்.

"பூவ எண்ணணும் அண்ணாச்சி. டேப்பு வச்சா மூலையில பாதிப் பூதான் நிக்கும்."

"அரே, முப்பது வருஷம் டெண்டர் பார்த்தவன்மா நான். மீட்டர்னா மீட்டர்தான்."

இரண்டு மாதம் கழித்து வள்ளியின் பக்கம் இருபத்தெட்டரை, காமாக்ஷியினுடையது இருபத்துமூன்றரை, பிரியதர்ஷினியினுடையது இருபத்தாறே கால். எண்ணிப் பின்னியவள் குஞ்சம்மாள் ஒருத்திதான்; அவளுடையது சரியாக இருபத்தைந்து. செயலாளர் என்ன செய்தார்? வள்ளியின் அரைப் பூவைக் கத்தரிக்கோலால் நறுக்கினார். குரோஷாவை நறுக்கினால் இழை பிரியும் என்பது ஊசி பிடித்த எவளுக்கும் தெரியும். வள்ளி தூக்கிப் பார்ப்பதற்குள் ஒன்பது பூ நூலாகிவிட்டது.

மறுநாள் சங்க போர்டில் செயலாளரின் நோட்டீஸ்: "குஞ்சம்மாளின் தவறான கணக்கால் லேஸ் வீண்." புசா ரோடு வரை அவளுக்கு வேலை வருவது அந்தக் கணக்கை நம்பித்தான். அந்தப் பெயர் போனால் இனி யார் கூப்பிடுவார்கள்?

கமிட்டிக் கூட்டத்துக்குப் போனாள். நாலு பக்கத்தையும் மேஜையில் விரித்து, உரக்க எண்ணிக் காட்டினாள். கமிட்டி டீ குடித்தது.

"நோட்டீஸக் கிழிங்க அண்ணாச்சி. இல்லேன்னா என் பக்கத்த எடுத்துட்டுப் போயிருவேன்."

"ஜல்தி எடுத்துட்டுப் போ. மூணு பக்கம் போதும், நாலாவது சுவர்ப் பக்கம்தானே."

எடுத்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் காமாக்ஷி தன்னுடையதைச் சுருட்டினாள், பிறகு பிரியதர்ஷினி. வள்ளி அந்த நூல் குவியலையும் விடாமல் அள்ளிக்கொண்டாள்.

விழாவன்று மேடை மேஜையில் இருந்த பூ: பூஜ்யம்.