எலும்பைத் தொடாத பசு

வடக்கனந்தலுக்கு மேற்கே, மலையடிவாரத்தில் அஞ்சலாட்சிக்கும் அவள் கணவன் ராசவேலுவுக்கும் ஒரு துண்டுப் புல்தரை இருந்தது. அங்கே மேயும் அவர்களுடைய பசு, எங்கே எலும்பு கிடந்தாலும் எடுத்துக் கடித்துக்கொண்டு நிற்கும். “உங்க மாடு நாய்க்குப் பொறந்துதா?” என்று ஊரே கேலி செய்தது.

மண்ணில் இல்லாத சத்தைத்தான் மாடு எலும்பில் தேடுகிறது என்றான் ராசவேலு. ஊர்க்கோடியில் கிடந்த எலும்புகளைப் பொறுக்கிவந்து சுட்டான். அஞ்சலாட்சி இடித்துச் சலித்தாள். ஆடியில் இருவரும் அந்தத் தூளைப் புல்லின்மேல் தூவினார்கள்.

“எலும்ப வெதச்சா ஆடா மொளைக்கப் போவுது?” என்றார் பக்கத்து நிலத்துக்காரர்.

“மொளைச்சா உனக்கும் ஒரு தொடை தரேன் மாமா” என்று சிரித்தான் ராசவேலு.

எண்பத்தேழு புரட்டாசியில், இடஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியலுக்குப் போன ராசவேலுவைக் கைது செய்து கடலூர் சிறையில் வைத்தார்கள். மழை வந்தது. புல் முன்பு இல்லாத அடர்த்தியில் எழுந்தது. கார்த்திகையில் ஒருநாள் அஞ்சலாட்சி வேண்டுமென்றே ஓர் எலும்பைப் பசுவின் முன் போட்டாள். அது முகர்ந்து பார்த்துவிட்டுப் புல்லுக்குத் திரும்பியது.

“இன்னாங்க, இங்க வாங்களேன்!” என்று வீட்டைப் பார்த்துக் கூப்பிட்ட பிறகுதான் அவன் இல்லாதது அவளுக்கு உறைத்தது.

மறுநாள் கொழுந்தன் சிறைக்குப் புறப்பட்டான்.

“அண்ணங்கிட்ட இன்னா சொல்லணும் அண்ணி?”

“மாடு எலும்பத் தொடலன்னு சொல்லு. ஒரு மூலைய மட்டும் மேய வுடாம வெச்சிக்கினு இருக்கேன், வந்து பாக்கட்டும்னு சொல்லு.”

“புல்லு முத்திப் போயிடுமே அண்ணி. மாடு திங்காது.”

“முத்தட்டும்.”