பச்சை மொட்டையோடு ஆடிய ஆட்டம்

நான் ஒரு நாளும் மைதானத்துக்குள் இறங்கிப் பந்தை உதைத்தவன் இல்லை. எனக்குப் பயம். எதிராளி ஓடி வந்தாலே கண்ணை மூடிக்கொள்கிற பிறவி நான். ஆனால் இராஜபாளையத்தில் எங்கள் கிளப் ஆடிய ஆட்டம் ஒன்றைக்கூட விட்டதில்லை. கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்துவேன். ஜின்னிங் பேக்டரியில் பஞ்சு நிறுக்கிற இடத்தில் கிளார்க் வேலை. ஆட்டத்துக்கு மறுநாள் யாராவது ஏதாவது கேட்டால் குரல் வராமல் கையைக் காட்டுவேன். "ஆடுனவன் சும்மா இருக்கான், பாத்தவனுக்குத் தொண்ட கட்டிக்கிடுச்சு. நல்ல கூத்து!" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

சண்டைக் காலம் வந்து எங்கள் கிளப்பைக் கரைத்துவிட்டது. முதலில் கோல் காக்கிற கோலி பட்டாளத்துக்குப் போனான். அவன் பின்னாலேயே இரண்டு பேர் போனார்கள். இன்னொருவன் போலீசில் சேர்ந்தான். சேர்ந்தவன் சும்மா இருந்தானா? ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலைக்குப் போட்டார்கள் என்று அந்த ஊர்க் கட்சிக்கே ஆடத் தொடங்கினான், படுபாவி! புதுப் பந்து வாங்க வழியில்லை. இருந்த ஒரே பந்தின் பிளாடரைச் சைக்கிள் கடையில் ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு ஓட்டினோம். வரிசையாகத் தோற்றோம். கிளப்பை நடத்தியவரும் கேப்டனும் ஒருவரே. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். புரட்டாசியில் ஸ்ரீவில்லிபுத்தூரோடு ஆட்டம் என்று முடிவானதும் அவர் சொன்னார்: "இதுலயும் தோத்தா கோல் கம்பத்தப் பிடுங்கி வெறகுக்குப் போட்டுருவேன்." அவர் சொன்னால் செய்கிற மனிதர்.

மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை என் மைத்துனன், மனைவியின் தம்பி. பதினெட்டு வயது. ஆள் குட்டை. ஆனால் மேலே வருகிற பந்துக்கு எம்பினான் என்றால் நெட்டையன்களின் தோளுக்கு மேல் அவன் தலை தெரியும். மற்றவர்கள் காலால் போடுகிற கோலை அவன் தலையால் போடுவான்.

அந்தத் தலைக்கு ஒரு கதை உண்டு. முந்தைய வருஷம் அவனுக்கு விஷக்காய்ச்சல் வந்து, வைத்தியர் கையை விரித்துவிட்டார். அவன் அம்மா, அதாவது என் அத்தை, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் குன்றில் இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாளுக்கு முடி நேர்ந்துகொண்டார். பையன் பிழைத்தான். அன்று முதல் கத்தி படாமல் வளர்ந்த முடியைச் சுருட்டி உச்சியில் கொண்டை போட்டுக்கொண்டுதான் ஆடினான். பாரம் தூக்குகிறவன் தலையில் சும்மாடு இருப்பதுபோல் அந்தக் கொண்டை இருந்தது. அதனால் நெற்றியால் முட்ட வேண்டிய பந்தை அவன் உச்சியால் முட்டிப் பழகிவிட்டான். பார்க்க நன்றாக இருந்தது. நாங்களும் கை தட்டினோம்.

காய்ச்சலுக்குப் பிறகு பந்தைத் தொடவே கூடாது என்பது அத்தையின் கட்டளை. ஆகவே எல்லாம் களவாட்டம். அந்தக் களவுக்குக் காவல் நான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆட்டம் ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை சாயங்காலம் என்றார்கள். யோசனை எனக்குத்தான் வந்தது. திருவண்ணாமலைக் கோயில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து எட்டிவிடும் தூரம். சனிக்கிழமை காலையில் மலைக்குப் போய் முடியை இறக்குவது, அப்படியே ஊருக்குள் வந்து ஆடுவது, கடைசி ரயிலில் வீடு திரும்புவது. கேட்டால் கூட்டம் என்று சொல்லிக்கொள்ளலாம். மொட்டைத் தலையே சாட்சி சொல்லும். கெட்டிக்காரத்தனம் என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். பெருமாள் பேரைச் சொல்லிப் பொய்யா என்று நெஞ்சு அடித்துக்கொண்டதும் உண்மை. ஆனால் கோல் கம்பம் விறகாவதை நினைத்தால் அந்தப் பயம் இதைவிடப் பெரிதாக இருந்தது.

எங்கள் வீடுகளில் மாமியார் மருமகன் முகம் பார்த்துப் பேச மாட்டார். கல்யாணமாகி நாலு வருஷமாக அத்தையின் குரலைத்தான் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டிருக்கிறேன். புறப்படும்போதும் மகளிடம் சொல்வதுபோல்தான் சொன்னார்.

"ஏட்டி, அவியட்டச் சொல்லு. முடிய எறக்கிட்டு நேரே கூட்டியாரணும். வெயில்ல நிக்கப்பிடாது. செத்துப் பொழச்ச உசுரு."

"சரின்னு சொல்லு" என்றேன் நானும் மனைவியிடம்.

மலையடிவாரத்தில் கூட்டமோ கூட்டம். நாவிதர் கொண்டையை ஒரே இழுப்பில் எடுத்து, வழித்துத் தள்ளினார். அவசரத்தில் உச்சியில் இரண்டு இடத்தில் கீறி ரத்தம் கசிந்தது. சந்தனத்தை அப்பிக்கொண்டு பையன் சிரித்தான். "அத்தான், தலையே இல்லாத மாதிரி இருக்கு! எம்புட்டு லேசு!" நானும் சிரித்தேன். அந்த நிமிஷத்தில்கூட எனக்கு உறைக்கவில்லை. எனக்கு மட்டுமா? கேப்டன் அவன் மொட்டையைப் பார்த்து, "பந்து வழுக்காம இருந்தாச் சரி" என்று கேலி செய்தார். கொண்டைதான் இத்தனை நாள் உச்சிக்குக் காப்பாக இருந்தது என்று, பந்தும் தலையும் பழகிய பதினொரு பேரில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

ஆட்டம் தொடங்கும் முன்பே மழை ஒரு பாட்டம் அடித்து ஓய்ந்தது. தோல் பந்து ஈரத்தைக் குடித்துக் குடித்துக் கல்லாகக் கனத்தது. அதன் வாயை மூடித் தோல் வாரால் இறுக்கிய முடிச்சு புடைத்துக்கொண்டு நின்றது. எதிர்க்கட்சியில் நாலைந்து பேர் பூட்ஸ். எங்களவர்கள் எல்லாரும் வெறுங்கால். ஹாஃப் டைமுக்குள் ஒரு கோல் வாங்கிவிட்டோம். நான் கத்திக் கத்தி, வாயில் எச்சில்கூட இல்லை.

கடைசியில் எங்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. பந்து உயரமாக வந்தது. பையன் எம்பினான். பழக்கத்தில் உச்சியைக் கொடுத்தான்.

சத்தம் எனக்குக் கேட்டது. விடலைத் தேங்காய் உடைத்த சத்தம். பந்து கம்பத்துக்கு மேலே போய்விட்டது. அவன் நின்றபடியே மடங்கி விழுந்தான். நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது கண் வெள்ளையாகச் செருகியிருந்தது. ஒரு கால் மட்டும் தனியே துடித்துக்கொண்டிருந்தது. சந்தனத்தின் நடுவே வார் முடிச்சின் அச்சு அப்படியே பதிந்து, அதன் ஓரமாக ரத்தம் இறங்கியது. "ஏலே! ஏலே மாப்ள!" என்று உலுக்கினேன். செத்துவிட்டான் என்றே நினைத்தேன். அத்தையின் மகனை நான் கொன்றுவிட்டேன், அதுவும் பெருமாள் பேரைச் சொல்லிக் கூட்டிவந்து.

"ஏமி காது, ஏமி காது" என்று கேப்டன் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒன்றும் ஆகாது என்று சொன்ன அவரே முதலில் பெஞ்சை எடுக்க ஓடினார். பெஞ்சில் கிடத்தித் தூக்கிக்கொண்டு டாக்டர் வீட்டுக்கு ஓடினோம். டாக்டர் கண் இமையைப் பிரித்துப் பார்த்து, ஈரத்துணி போட்டு, காத்திருக்கச் சொன்னார். அந்த அரை மணி நேரத்தில் நான் வேண்டாத சாமி இல்லை. ஆண்டாளை வேண்டினேன். திருவண்ணாமலைப் பெருமாளை மட்டும் வேண்ட வாய் வரவில்லை. எந்த முகத்தோடு வேண்டுவது?

அவன் கண் திறந்தான். வாந்தி எடுத்தான். என்னைப் பார்த்து, "அத்தான், மொட்டை போட்டாச்சா?" என்றான்.

"போட்டாச்சுலே, தொட்டுப் பாரு" என்றேன். தடவிப் பார்த்தான். கண்ணை மூடித் திறந்தான். பிறகு, "அத்தான், மொட்டை போட்டாச்சா?"

முதலில் சிரிக்கலாம் போலிருந்தது. ஐந்தாவது தடவை கேட்டபோது டாக்டரைக் கூப்பிட்டேன். மலைக்குப் போனது, சந்தனம் பூசியது, ஆட்டம் எதுவுமே அவனிடம் இல்லை. காலை எழுந்ததற்குப் பிறகு எல்லாம் துடைத்தாற்போல் இருந்தது. சில சமயம் திரும்பும், திரும்பாமலும் போகும், நாலு நாள் அசைக்காமல் வைத்துப் பாருங்கள் என்றார் டாக்டர். ரயிலில் இராஜபாளையம் வரும்வரை அதே கேள்வி. பக்கத்தில் இருந்த கிழவர் ஒருவர், "பாவம், புத்தி சரியில்லையோ?" என்று கேட்டார். அவரை அடிக்கவும் தோன்றியது, அவர் காலில் விழுந்து அழவும் தோன்றியது.

வீட்டு வாசலில் கால் வைத்ததும் அவன் உள்ளே பார்த்துக் கேட்டான்: "எம்மா, மொட்டை போட்டாச்சா?"

கதவுக்குப் பின்னாலிருந்து அத்தை வெளியே வந்தார். விளக்கைத் தூக்கி மகன் தலையைப் பார்த்தார். வார் முடிச்சு பதிந்த இடத்தை விரலால் தொட்டார். அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. திரும்பி, நாலு வருஷத்தில் முதல் தடவையாக என் முகத்தை நேரே பார்த்தார்.

"மாப்பிள்ள, நான் முடியத்தான நேந்தேன்? நீங்க தலையையே குடுத்துட்டு வந்திருக்கியளே."

அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நாலாம் நாள் அவன் அந்தக் கேள்வியை விட்டான். பிறகு நாள் பிடித்து ஒவ்வொன்றாக மீண்டது. மலை ஞாபகம் வந்தது, ஆட்டம் மட்டும் வரவேயில்லை. ஆனாலும் திடீரென்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். நான் பேக்டரிக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் அவனைச் சோதிப்பேன். "ஏலே, இன்னைக்கு என்ன கெழம? காலைல என்ன சாப்ட்ட?" பதில் வர ஒரு வினாடி தாமதித்தால் மறுபடியும் முதலிலிருந்து கேட்பேன்.

அந்த ஆட்டத்திலும் தோற்றோம், ஆனாலும் கேப்டன் கோல் கம்பத்தைப் பிடுங்கவில்லை. "அந்தப் பையன் எந்திரிச்சு வரட்டும், பொறவு பாப்போம்" என்றாராம். தை பிறந்ததும் பையன் துடிக்கத் தொடங்கினான். காலால் ஆடலாம், தலையில் பந்து படவே கூடாது, இன்னொரு அடி விழுந்தால் என்னாகும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். அத்தை மூன்று நாள் சம்மதிக்கவில்லை. பிறகு, இப்போதெல்லாம் நேரேதான் பேசுவார், என்னிடம் வந்து சொன்னார்: "போறேன் போறேன்னு கெடந்து துடிக்கான். போகட்டும். பந்து தலகிட்ட வந்தா ஒதுங்கணும். நீங்க கூடவே நின்னு பாத்துக்கிடணும். அவன் தல ஒங்க பொறுப்பு."

"என் பொறுப்பு அத்த" என்றேன். மனசாரச் சொன்னேன்.

ஆட்டம் எங்கள் ஊர்க் கண்மாய்ப் பொட்டலில் நடந்தது. அதே ஸ்ரீவில்லிபுத்தூர்க் கட்சி. அவன் தலையில் முடி இரண்டு விரற்கடைதான் வளர்ந்திருந்தது. நான் கோட்டருகே நின்று அவனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து மேலே வந்தபோதெல்லாம் சொன்ன சொல் மாறாமல் ஒதுங்கினான். ஒவ்வொரு தடவையும் எனக்கு உயிர் திரும்பி வந்தது. காலால் நன்றாகவே ஆடினான். இரண்டு கட்சிக்கும் ஒவ்வொரு கோல், வெளிச்சம் மங்கிவிட்டது, ரெஃப்ரி விசிலை வாயில் வைத்துவிட்டார். அப்போது வலது பக்கத்திலிருந்து ஒரு பந்து மிதந்து வந்தது. எதிர்க்கட்சிக் கோலி சறுக்கி விழுந்து கிடந்தான். கோல் திறந்து கிடந்தது. பையன் பந்தைப் பார்த்தான், பழகியபடி ஓரடி பின்வாங்கினான்.

"முட்டுலே! முட்டு!"

அந்தக் குரல் என்னுடையது. என் தொண்டையிலிருந்து வந்தது என்பது கத்தி முடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அவன் எம்பி முட்டினான். கோல்.

ஊரே மைதானத்துக்குள் ஓடியது. அவன் மட்டும் உச்சியில் ஒரு கையை வைத்துக்கொண்டு, கோட்டுப் பக்கமாகத் திரும்பி, கூட்டத்தில் யாரையோ தேடினான். நான் முன்னால் நின்றவன் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்கு நடக்கும்போதே சோதனையைத் தொடங்கினேன். "ஏலே, இன்னைக்கு என்ன கெழம?"

"வெள்ளி."

"காலைல என்ன சாப்ட்ட?"

"பழையதும் வெங்காயமும். சும்மா வாங்க அத்தான், எனக்கு ஒண்ணுமில்ல." கொஞ்ச தூரம் போனதும் அவனே சொன்னான்: "ஒதுங்கத்தான் போனேன். எவனோ ஒருத்தன் சரியான நேரத்துல சத்தம் குடுத்தான். அவன் யாருன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும். ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியலயேலே" என்றேன்.