பள்ளிக்கூடத்துச் சீர்

நரிக்குடிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு நான் டீச்சராகப் போன இரண்டாம் வருஷம், எட்டாம் வகுப்பில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் சடங்கானாள். எங்கள் பக்கம் பதினாறு நாள் வீட்டில் இருத்துவார்கள். அதற்கப்புறம் பள்ளிக்கூடம் கிடையாது. அந்த ஊரில் எட்டாம் வகுப்பை முடித்த பெண் அதுவரை ஒருத்திகூட இல்லை.

எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே! நேராக அவள் வீட்டுக்குப் போய், "பிள்ளைய அனுப்பலைன்னா பேரை அடிச்சிருவேன்" என்று கத்தினேன். பருத்தி எடுத்துவிட்டு அப்போதுதான் வந்த அவள் அம்மா, "அடிச்சிருங்க டீச்சர், நல்லதாப் போச்சு" என்றார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மிரட்டப் போய்க் காரியத்தைக் கெடுத்துவிட்டேனே! பதினாறாம் நாளும் நெருங்கிவிட்டது. சீர் கொண்டு வருபவரை மட்டும் யாரும் வாசலோடு அனுப்ப மாட்டார்கள் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

சடங்கு அன்று அவள் வகுப்புப் பிள்ளைகளோடு தாம்பாளம் தூக்கிப் போனேன். மஞ்சள், குங்குமம், வளையல், பழம், நடுவில் நாலு நோட்டும் ஒரு பேனாவும். மாமன் சீருக்குப் பக்கத்தில் அதை வாங்கி வைத்தார்கள். "இது யாரு வீட்டுச் சீருடி?" என்று ஒரு கிழவி கேட்டதற்கு, "பள்ளிக்கூடத்துச் சீரு" என்றார் அவள் அம்மா. திங்கட்கிழமை பிள்ளை வந்துவிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தை மாதம் அந்த அம்மாவே பள்ளிக்கு வந்தார். தானாகப் படியேறி வந்த முதல் தாய்! ஓடிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காராமல் வெற்றிலைத் தட்டை நீட்டினார்.

"மொத வெத்தல ஒங்களுக்குத்தான் டீச்சர். சீர் செஞ்ச ஒறவாச்சே. வார வெள்ளிக்கெழம பிள்ளைக்கு நிச்சயம் பண்றோம்."

அடிப் பாவி, நானே போய்க் கட்டிக்கொண்ட உறவு! வெற்றிலையை எடுத்தால் சம்மதம் என்று அர்த்தம். எடுக்காவிட்டால் நாளைக்கே பிள்ளையை நிறுத்திவிடுவார்கள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"ஒறவுதானக்கா? அப்ப எனக்குச் சம்மதமில்ல. பதிமூணு வயசுல என்ன கல்யாணம்? பிள்ள படிக்கட்டும்."

அவர் முகம் சுண்டிப்போனது. "அவுக அப்பா கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"சீர் செஞ்ச வீடு வெத்தல எடுக்கலன்னு சொல்லுங்க."

தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை வருகைப் பதிவேட்டைத் திறந்தேன். அவள் பெயர் பதினேழாவது. பதினாறாவது பெயரோடு நிறுத்திவிட்டேன். நிமிர்ந்து பார்க்கப் பயந்து, குனிந்தபடியே அடுத்த பெயரை வாசித்தேன்.

"உள்ளேன் டீச்சர்."

அந்த வெள்ளிக்கிழமை நிச்சயம் நடக்கவில்லை. மாசி போய், பங்குனி போய், முழுப் பரீட்சை வரைக்கும் தினமும் அந்தப் பெயரைக் குனிந்தபடியேதான் வாசித்தேன்.