மூன்று வாலுள்ள குடம்பி

அம்மாவைப் பெற்ற அப்பாவின், என் அம்மப்பாவின் சாம்பல், பிலிம் சுருள் வரும் சின்ன டப்பிக்குள் எங்களிடம் வந்து சேர்ந்தது. கொழும்பிலிருந்து வந்த ஒருவர் சட்டைப்பையில் வைத்துக் கொண்டுவந்தார். அம்மப்பா யாழ்ப்பாணத்தில் இறந்து ஐந்து மாதமாகியிருந்தது. அகதி வழக்கு முடியாததால் அம்மாவால் போக முடியவில்லை. அவருக்காகச் செய்ய அம்மாவுக்கு மிஞ்சியிருந்தது, அதைத் தண்ணீரில் கரைப்பது ஒன்றுதான்.

எனக்குப் பத்து வயது. இன்னும் இறகு முளைக்காத குஞ்சுப் பூச்சிகளான குடம்பிகளைப் பார்த்தே ஏரித் தண்ணீரின் தரத்தைச் சொல்லலாம் என்று அந்தக் கிழமைதான் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். சிவப்புப் புழு மட்டும் இருந்தால் கெட்ட தண்ணீர். கல்லுக்கடியில் மூன்று வாலுள்ள குடம்பி இருந்தால் நல்ல தண்ணீர்.

நாங்கள் அகதிகளாக வந்து குடியிருந்த மோர்னிங்சைட்டிலிருந்து காரில் ஏரிக்கரைக்குப் போனோம். அம்மா பூவையும் எள்ளையும் எடுத்து வைப்பதற்குள், நான் தேத்தண்ணி வடியால் கரையோரச் சேற்றை ஒருமுறை அள்ளினேன். சிவப்பு நூல்போல நான்கு புழுக்கள் நெளிந்தன.

"அம்மா, இது கூடாத தண்ணி. இதுக்குள்ள அம்மப்பாவைப் போடாதேங்கோ."

அப்பா சிரித்தார். "இஞ்சரும், உந்தப் புழுவைப் பாத்துக்கொண்டு நிண்டால் எனக்கு வேலைக்குப் பிந்தீடும். ஊரில சாம்பல் கரைக்கிற கீரிமலையில மட்டும் என்ன, வடிச்ச தண்ணியே?"

"பிள்ளை படிச்சுப்போட்டுத்தானே சொல்லுறாள்," என்று அம்மா டப்பியைக் கைப்பைக்குள் வைத்தார்.

சாம்பலை வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்பதால் அது பல்கனியில், மிளகாய்ச் சாடிக்குப் பின்னால் இருந்தது. காலையில் கோப்பியோடு அம்மா அங்கே போய் நிற்பார். "இண்டைக்குக் குளிரில்லை, அப்பா," என்று டப்பியிடம் சொல்வது எனக்குக் கேட்கும்.

அந்தக் கோடை முழுவதும் சனிக்கிழமைகளில் நானும் அம்மாவும் பஸ் பிடித்துக் கரை கரையாகப் போனோம். கல்லுக்கடியில் என்ன கிடக்குமோ என்று புரட்டப் பயந்து, எங்கேயும் நான் சேற்றையே அள்ளினேன்.

"என்ன நிறம்?"

"சிவப்பு."

"அப்ப வாற கிழமை பாப்பம்."

அம்மா சலித்துக்கொண்டதேயில்லை. வரும் வழியில் சீனி தூவிய டோனற்கூட வாங்கித் தந்தார்.

நல்ல ஏரியின் சேற்றிலும் அந்தச் சிவப்புப் புழுக்கள் இருக்கும் என்பது பின்னாளில்தான் தெரிந்தது. இப்போது நானும் ஒரு தாய், மகளின் காய்ச்சலை மூன்று தரம் அளந்த பிறகும் நம்பாதவள். அன்றே ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்திருக்கலாமோ என்று சில நாள் நினைப்பேன். கடைசிவரை புரட்டாமலே விட்டிருக்கலாமோ என்றும் சில நாள் தோன்றும்.

ஏனென்றால் செப்டெம்பரில் புரட்டினேன். கல்லின் அடிப்பக்கத்தில் தட்டையாக ஒட்டியபடி அது நகர்ந்தது.

"அம்மா, மூண்டு வால். இது நல்ல தண்ணி."

அம்மா குனிந்து நெடுநேரம் பார்த்தார். "வடிவா எண்ணினனியே?"

"ஓம்."

"திருப்பி ஒருக்கா எண்ணு, பிள்ளை."

எண்ணினேன். மூன்றுதான். அம்மாவின் கை, மூடிய கைப்பையின் மேலேயே இருந்தது.

"இன்னொருக்கா."

இவ்வளவு தெளிவாகத் தெரிவது அம்மாவுக்கு ஏன் தெரியவில்லை, கண்ணாடி போடவேண்டுமோ என்று யோசித்தபடி, கண்டுபிடித்துவிட்ட பெருமையில் நான் இன்னும் சத்தமாக எண்ணினேன்.